சிலந்தி எச்சமா, ஸோனாவா?

கோடை முடிந்து ஜன்னல்களைச் சாத்தும் காலம் வந்தால், மொன்றியலில் உள்ள நமது வீடுகளின் பேஸ்மென்டிலும் பல்கனிகளிலும் சிலந்திகள் அதிகம் கண்ணில் படும். "சிலந்தி எச்சம் பட்டால் கொப்புளம் போடும், அடிச்சுப் போடு" என்று அம்மம்மா சொல்ல, பேரப்பிள்ளை செருப்பை எடுத்துக்கொண்டு ஓடுவது வழமை. இம்முறை அந்தச் சிலந்தியையும் அந்தக் கொப்புளத்தையும் வேறு வேறாகப் பார்ப்போம்.

கியூபெக்கில் 600க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் உண்டு. பேஸ்மென்ட் மூலையில் மெல்லிய நீண்ட கால்களுடன் தலைகீழாகத் தொங்குவது ஒரு குடும்பம். தொட்டால் உடம்பை வேகமாக ஆட்டும். மற்றச் சிலந்திகளையும் பிடித்துத் தின்னும் என்பதால் அதை விட்டுவைப்பதில் நட்டமில்லை. நாம் ஒட்டறை என்று அடிக்கும் சிக்கலான வலைகளிற் பல இன்னொரு குடும்பத்தின் வேலை. பசையுள்ள நூல்களை நிலத்துடன் இழுத்துக் கட்டிவிட்டு மேலே காத்திருக்கும். ஊர்ந்து வரும் பூச்சி முட்டியதும் நூல் கீழே அறுந்து பூச்சியைத் தூக்கிவிடும்.

படங்களில் காணும் வட்ட வலை மூன்றாவது குடும்பத்தினுடையது. ஆற்றோரப் பாலங்களிலும் உயர்ந்த கட்டிடங்களிலும் விளக்குகளுக்கு அருகே கூட்டமாக வாழும் பாலச் சிலந்தி இதைச் சேர்ந்தது. வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளே அதன் சாப்பாடு. எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல். நூலின் அதிர்வை வைத்தே எல்லாவற்றையும் அறிகிறது. வலை கட்டி இரை பிடிக்காத குடும்பங்களும் உண்டு. வெயில் படும் செங்கல் சுவரில் பாய்ந்து திரியும் கறுப்பு வெள்ளை வரிச் சிலந்தியும், குஞ்சுகளை முதுகில் சுமக்கும் ஓநாய்ச் சிலந்தியும் அப்படிப்பட்டவை.

இவற்றில் எதுவும் நித்திரை கொள்பவரைத் தேடி வந்து கடிப்பதில்லை. உடுப்புக்குள்ளோ சப்பாத்துக்குள்ளோ நசிபட்டால் கடிக்கலாம். பெரும்பாலும் ஓரிடம் சிவந்து சில நாளில் மாறிவிடும். ஆபத்தான கறுப்பு விதவைச் சிலந்தி இங்கு மிக அரிது. எப்போதாவது திராட்சைப் பெட்டியில் வந்து சேரும். அது கடித்துத் தசைகள் இழுத்துப் பிடித்தால் உடனே ஆஸ்பத்திரி. சிலந்தியின் எச்சமோ வெறும் வெள்ளைத் துளி. அதனால் தோலில் கொப்புளம் வருவதில்லை.

அப்படியானால் அந்தக் கொப்புளம் எது? தமிழ் அகராதிகளில் 'சிலந்தி' என்ற சொல்லுக்குப் புண், கட்டி என்ற பொருளும் இருக்கிறது. பெயரால் வந்த குழப்பமாகவும் இருக்கலாம். நமக்குத் தெரிந்த அம்மா ஒருவருக்கு முதுகின் இடப்பக்கத்திலிருந்து வயிறு வரை எரிவு. இரண்டு நாளின் பின் கொப்புளங்கள். சிலந்தி எச்சம் என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி ஒரு வாரம் பொறுத்திருந்தார். வைத்தியர் பார்த்துவிட்டு ஷிங்கிள்ஸ் என்றார். பிரெஞ்சில் ஸோனா. கொப்புளம் காய்ந்து மாதங்களாகியும் சட்டை படுவதே அவருக்கு நோகிறது.

சின்ன வயதில் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, வந்தவர்களின் நரம்புகளில் அந்த வைரஸ் உறங்கிக் கிடக்கும். வயதாலோ நோயாலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பின் வழியே வெளிவரும். அதனால்தான் கொப்புளங்கள் பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டி போட்டதுபோல் வரும். சிலந்திக்கு இப்படிக் கோடு பிடித்துக் கடிக்கத் தெரியாது!

கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். கியூபெக்கில் 2021 முதல் சில நிபந்தனைகளுடன் பார்மசியில் உள்ள மருந்தாளரே இதை எழுதித் தரலாம். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால் பார்வைக்கே ஆபத்து; அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். கொப்புள நீர் பட்டால் கொப்புளிப்பான் வராத கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது தொற்றலாம் என்பதால் மூடி வையுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அது இரண்டு தடவை போடவேண்டிய ஊசி.

இரவில் சந்தேகம் வந்தால் 811 இலக்கத்தை அழைத்துத் தாதியுடன் பேசலாம். "ஸோனா" என்ற சொல்லை அம்மம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.