பீரங்கி எந்தப் பக்கம் பார்த்தது?

ஆடி அமாவாசைக்குச் சாப்டூர் வழியாகச் சதுரகிரி ஏறிப் பழகிய பேரையூர்க்காரனுக்குச் சிங்கப்பூர் செந்தோசாத் தீவின் குன்றுகள் வெறும் மேடாகத்தான் தெரியும். தீவிலேயே உயரமான செராப்போங் குன்றுகூட நூறு மீட்டரைத் தொடாது. சிரமம் உயரத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் வியர்வை உடனே காய்ந்து உடம்பு ஆறும். அங்கே வழிகிறதே தவிர காய்வதில்லை. அதனால் தண்ணீரோடு உப்பும் எலுமிச்சையும் கலந்து ஒரு பாட்டில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் இடிமழை திடீரென்று கொட்டும் ஊர் அது. காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.

கட்டட வேலைக்கு வந்து ஞாயிறு மட்டும் லீவு கிடைக்கும் நம்மவர்களுக்கு இந்தக் குன்றுகளின் பழைய பீரங்கித் தளங்களைப் பார்ப்பது செலவில்லாத வெளியூர்ப் பயணம். ஹார்பர்ஃபிரண்ட் எம்.ஆர்.டி.யில் இறங்கி, விவோசிட்டி பக்கத்திலிருந்து போகும் நடைபாலத்தில் நடந்தே தீவுக்குள் போய்விடலாம். அங்குள்ள சிலோசோ கோட்டையிலும் கட்டணம் கிடையாது.

முதலில் சிலோசோவுக்குத்தான் போக வேண்டும். இம்பியா குன்றின் காட்டுக்குள் கிடக்கும் பீரங்கித் தளத்தில் இடிபாட்டின் அழகு கூடுதல் என்று சிலர் நேராக அங்கே போவார்கள். விளக்கம் தெரியாமல் போனால், கூட வந்த தம்பி கேட்ட மாதிரி, “அண்ணே, இது பழைய தண்ணித் தொட்டியா?” என்றுதான் கேட்கத் தோன்றும். சிலோசோவில் பீரங்கி, குண்டு அறை, சுரங்க வழி எல்லாம் சீர்செய்யப்பட்டு விளக்கப் பலகையோடு இருக்கின்றன. 1870களில் பிரிட்டிஷார் குன்றின் உச்சியைத் தட்டையாக்கித் தொடங்கிய கோட்டை, 2022இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. அங்கே ஒரு சுற்று பார்த்துவிட்டால் இம்பியாவின் மொட்டைக் கான்கிரீட் தானாகப் பேசும்.

எதைப் பார்க்க வேண்டும்? தரையில் வட்டமாகப் பதித்த பெரிய போல்ட்டுகள் இருந்தால் அங்கேதான் பீரங்கி உட்கார்ந்திருந்தது. வட்டத்தின் நடுவில் நின்று, மரங்கள் இல்லை என்று வைத்துக்கொண்டு, சுவர் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். அது கடல் பக்கம். பின்னால் கீழே இறங்கும் படி குண்டு அறைக்குப் போகும். ஆறு அங்குலப் பீரங்கியின் ஒரு குண்டு சுமார் 45 கிலோ, நாம் தூக்கும் சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்தக் காலத்து வெடிமருந்து அறைகளில் விளக்கை உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். பக்கத்து நடையில் ஏற்றிக் கண்ணாடி வழியாக வெளிச்சம் காட்டுவார்கள். சுவரில் காரணமில்லாமல் ஒரு பொந்து தெரிந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் வேலை செய்கிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்தால், பலகை அடித்த வரி இத்தனை வருடம் கழித்தும் பதிந்திருப்பது கைக்குத் தட்டுப்படும். எனக்கு அதுதான் பிடித்த இடம்.

பீரங்கிகள் கடலையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் சிங்கப்பூர் விழுந்தது என்பார்கள். அது முழு உண்மையல்ல. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்கில் கரையேறிய பிறகு, தெற்கே இருந்த பல பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்பிச் சுட்டார்கள். கைவசம் இருந்ததில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகள். மண்ணில் புதைந்தன, காலாட்படையை அவ்வளவாகத் தடுக்கவில்லை. ஒரே வாரத்தில், பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷார் சரணடைந்தார்கள்.

பாசி படிந்த கான்கிரீட் படியில் வழுக்காத ஷூ வேண்டும், செருப்பு ஆகாது. டெங்கு உள்ள ஊர் என்பதால் முழுக்கைச் சட்டை அவசியம். இருட்டறையில் கால் வைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், குழியும் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். குரங்கின் முன்னால் நெகிழிப் பையைப் பிரிக்க வேண்டாம்.

செராப்போங்கின் சிதிலங்கள்தான் இவற்றில் பெரியவை, ஆனால் பாதை பராமரிப்பில்லாதது. வேலியோ ‘நுழையாதே’ பலகையோ கண்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். படம் எடுக்கிறவன் அபராதம் கட்டிவிட்டுப் போவான். வொர்க் பெர்மிட்டில் இருக்கிற நமக்குப் போவது பிழைப்பு.

இறங்கிய பின் எப்படியும் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குத்தான் போவோம். ஹார்பர்ஃபிரண்டில் ஏறும் அதே ஊதா நிற ரயிலில் லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிறுத்தம் ஃபேரர் பார்க். பிரிட்டிஷார் சரணடைந்த இரண்டாம் நாள் இந்தியச் சிப்பாய்கள் 40,000 பேருக்கு மேல் அங்குள்ள திடலில் நிறுத்தப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்கான முதல் அழைப்பும் அங்கேதான் விடுக்கப்பட்டது. டார்மிட்டரி கிராஞ்சிப் பக்கம் என்றால் இன்னொரு ஞாயிறு அங்குள்ள போர்க் கல்லறைக்கும் போங்கள். கல்லறை கிடைக்காத 24,000 பேரின் பெயர்களைச் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களைத் தேடிப் படிக்கத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.