வேலையை விடாமல் எம்.சி.ஏ.

தொலைநிலைக் கல்வியில் எம்.சி.ஏ. படிக்க நினைத்தால், பணம் கட்டும் முன் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது; நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்புக்கே அனுமதி இருக்க வேண்டும். முகவர் காட்டும் பழைய சுற்றறிக்கையை நம்பவே நம்பாதீர்கள். உரிய அனுமதியோடு தரப்படும் பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை. எம்.சி.ஏ. இப்போது 2 ஆண்டுப் படிப்பு. ஒப்படைப்புகளைத் தவணைக்குள் கொடுத்துவிட வேண்டும். கணினி ஆய்வக வகுப்புகளுக்கு நேரில் போயாக வேண்டும் என்பதால், கல்வி மையம் வீட்டுக்கு அருகில் இருப்பது பெரிய உதவி.

பலர் திணறுவது கணிதத்தில்தான். பி.காம்., பி.ஏ. முடித்தவர்கள் சேரும் முன்பே தனிநிலைக் கணிதத்தையும் ஒரு நிரல்மொழியையும் பழகிக்கொள்ளுங்கள். தினமும் ஒரு மணி நேரமாவது நிரல் எழுதுங்கள். பாடநூலை வாசிப்பதால் மட்டும் அது கைவராது. இறுதித் திட்டப்பணிக்கு உங்கள் அலுவலகத்தில் நிஜமாகவே இருக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டால், நேர்காணலில் அதைப் பற்றித் தயங்காமல் பேசலாம்.