மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வு: அடுத்த வழி என்ன?

இந்தப் பாடம் கொஞ்சம் கனமானது. ஆனா நம்ம வயசுக்காரங்க கட்டாயம் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது. இது 'மூட் சரியில்ல' என்கிற விஷயம் இல்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாக நாள் முழுக்க மனம் இருண்டு கிடக்கும். பிடித்ததெல்லாம் வெறுத்துப் போகும். தூக்கமும் பசியும் கெடும். சிலருக்குச் சாவைப் பற்றிய எண்ணமும் வரும். இது சோம்பேறித்தனம் இல்லை, நோய்.

என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் டாக்டர் சொன்னபடி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டான். முதல் மருந்து கேட்கல. மாற்றிக் கொடுத்த இரண்டாவதும் கேட்கல. "இனிமே எனக்கு வழியே இல்லடா"ன்னு சொன்னான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுறேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததில் தெரிந்தது இதுதான்: இரண்டு மருந்து கேட்கவில்லை என்றால் கதை முடியவில்லை. அந்த நிலைக்கென்றே தனிச் சிகிச்சைகள் இருக்கின்றன. மூன்றைப் பார்ப்போம்.

1. காந்தத் தூண்டல்

பொறியியல் மாணவனான எனக்கு இது பழகிய பாடம். மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்தார். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் அதே விதியை மனித மூளையில் பயன்படுத்திக் காட்டினார்கள். தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைப்பார்கள். அதில் நொடிப்பொழுது மின்சாரம் பாயும். அப்போது எழும் காந்தத்துடிப்பு மண்டையோட்டைத் தாண்டி, இடது முன்மூளை நரம்புகளைத் தட்டி எழுப்பும். மயக்கமருந்து வேண்டாம், கத்தியும் வேண்டாம். வாரம் ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம் போக வேண்டும். சிலருக்குத் தலைவலி வரும். வலிப்பு வருவது மிக அரிது. தலைக்குள் உலோகக் கருவி பொருத்தியவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. 2008-இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. ஐந்தே நாளில் முடியும் வேகமான முறைக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. சிங்கப்பூர் மனநலக் கழகத்திலும் காந்தத் தூண்டல் செய்கிறார்கள்.

2. எஸ்கெட்டமின் ஸ்ப்ரே

வழக்கமான மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். மூக்கில் அடிக்கும் இந்த மருந்து சிலருக்கு ஒரே நாளில் பலன் தரும். 2019-இல் அமெரிக்கா அனுமதித்தது. இரத்த அழுத்தம் ஏறலாம், தன்னிலை மறந்த மாதிரி இருக்கலாம். அதனால் மருத்துவர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும், பிறகு இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். வெளியே திருட்டுத்தனமாக விற்கும் கெட்டமினைத் தொடவே தொடாதீங்க. அது சிறுநீர்ப்பையையே கெடுத்துவிடும்.

3. மின்னதிர்வுச் சிகிச்சை

'கரண்டு வைக்கிறது' என்று சினிமா பயமுறுத்தி வைத்திருக்கிறது. 1938-இல் ரோமில் தொடங்கிய இந்தச் சிகிச்சை இன்று முழு மயக்கத்தில், தசை தளர்த்தும் மருந்தோடு நடக்கிறது. சில ஞாபகங்கள் மங்கலாம். ஆனாலும் மிகக் கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் பலமான சிகிச்சை இதுதான்.

எது யாருக்குப் பொருந்தும் என்று மனநல மருத்துவர்தான் முடிவு செய்வார். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.

நம்ம பங்கு என்ன?

"கோயிலுக்குப் போ, சரியாகிடும்"னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. வழிபாடு தெம்பு தரும். ஆனா கால் முறிந்தவனை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுத்தானே போவோம்? அதே மாதிரி கிளினிக் வரைக்கும் கூடவே போங்க. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. போலீஸ் கேஸ் ஆகிடுமோ என்ற பயமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல கேட்டுப் பார்க்கிறேன்டா"ன்னான். நானும் கூடப் போகிறேன்.

இந்த எண்களைக் கைப்பேசியில் சேமித்து வையுங்க. மலேசியா: ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. சிங்கப்பூர்: எஸ்ஓஎஸ் 1767. உயிருக்கே ஆபத்து என்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.