துணிவும் ஆயத்தமும்

திருக்குறளில் 'வினைசெயல்வகை' என்னும் அதிகாரத்தைக் கற்பிக்குங்கால் மாணவர் பலர் ஓரிடத்தில் மயங்கக் கண்டிருக்கிறேன். ஆராய்ச்சியின் முடிவு துணிவு பெறுதலே என்றும், பெற்ற துணிவைக் காலந்தாழ்த்துதல் தீது என்றும் அங்கே வள்ளுவர் தொடங்குகின்றார். நன்கு ஆராய்ந்த பின்னரே இறங்குக என வேறோர் அதிகாரத்தில் உரைத்தவர் இவ்வாறு கூறலாமோ என்பது அவர்தம் வினா. இவை முரணல்ல. ஆராய்ச்சி ஒரு வழி; வழியிலேயே குடியிருப்பவன் ஊர் போய்ச் சேரான். எவ்வளவு ஆயத்தம் போதும் என்பதே இடர்ப்பாடான வினா. அதற்கு நம் மலைநாட்டு வரலாற்றிலேயே விடை உண்டு.

தஞ்சையிலிருந்து வந்து 1920 அளவில் இலங்கையில் நிலைகொண்ட பத்திரிகையாசிரியர் கோ. நடேசய்யர், தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விழைந்தார். தோட்டமோ துரையின் தனி ஆட்சி; அழையாதார் நுழைதல் அத்துமீறலாகும். அறிக்கைகளைப் புரட்டி அறியத்தக்க செய்தியுமன்று அது. ஆகவே புடைவை வியாபாரி போல வேடம் பூண்டு உள்ளே சென்றார். செல்வதற்கு வேண்டிய அறிவு, சென்ற பின்னரே கிடைப்பதாயிருந்தது.

1931இல் அவர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்து, கூலியும் குறைக்கப்பட்ட காலம் அது. ஈண்டு ஆண்டுகளை ஒப்புநோக்குக. தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1935இலேதான் பிறந்தது. சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துள் நுழையும் உரிமையைத் தந்த சட்டமோ 1970இல் வந்தது! நடேசய்யர் மறைந்தது 1947இல்.

அவர் ஒன்றுமறியாது பாய்ந்தார் என்றல் பொருந்தாது. கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவுடன் தொழிற்சங்கப் பணி செய்தவர்; சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர். கையிலுள்ளது இவ்வளவு என அறிந்து, இல்லாததற்குக் காத்திராது இறங்கினார். அதற்கு விலையும் இருந்தது. சம்மேளனம் நெடுங்காலம் தழைக்கவில்லை. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிய பின்னர்த் தொழிலாளர் பெரும்பாலும் அதன் பக்கம் சென்றனர். இதனைத் தோல்வி என்பாரும் உளர். யான் அவ்வாறு கருதேன். பின்வந்தோர்க்குச் சங்கம் என்னும் சொல்லைத் தோட்டங்களிலே புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

கந்தப்பளையில் நம்மிடம் பயில்வாருள் சிலர், ஆங்கிலம் நன்கு வந்த பின் விண்ணப்பிப்பேன் என ஈராண்டு, மூவாண்டு கடத்துகின்றனர். பேசாத ஆங்கிலம் எங்ஙனம் வரும்? விண்ணப்பத்துக்கோ முடிவுத் தேதி உண்டு. காலந்தாழ்த்திச் செய்யத்தக்கவற்றைத் தாழ்த்தியே செய்க என்று வள்ளுவர் அதே அதிகாரத்தில் கூறியிருக்கிறாரே என எனக்கே எடுத்துக்காட்டும் கெட்டிக்காரரும் உளர். அக்குறளுக்கு இரண்டாம் அடி ஒன்றுண்டு என்பதை மட்டும் அவர்கள் மறந்துவிடுவர்.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாளை இங்குக் குறியாது விடலாகாது. எழுத்தறியாதார் மிகுந்திருந்த அந்நாளில், துண்டுப் பிரசுரங்கள் எட்டாத செவிகளைப் பாட்டு எட்டுமென அவர் கண்டார். தாமே பாடல் இயற்றினார். கூட்டங்களில் ஆயிரவர் முன் நின்று தாமே பாடினார். அப்பாடல்கள் நூலாக அச்சேறியது 1940இல்.