பிளவுண்ட பாறையும் நிலநடுக்கமும்

பூகம்பம் இமயமலை அடிவாரத்தாருக்கே உரிய தொல்லை என்று நம் அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பகுதியில் உண்டான நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 6 என்பர். 2002இல் வெளியான இந்தியத் தர விதியும் கோவையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்த்தது. ஆகவே மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் சரக்கு அனுப்புவோரும், கல் குவாரியை ஒட்டி நிலம் வைத்திருப்போரும் இப்பாடத்தை அறிதல் நலம்.

கருங்கல் வலியதுதான். ஆயினும் பாறைச் சரிவு நிற்பதும் வீழ்வதும் பெரிதும் அதிலுள்ள பிளவுகள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்பதைப் பொறுத்ததேயாம். மலையின் உட்புறம் சாய்ந்த பிளவுகளால் பாறை வழுக்கி விழுவதில்லை. (செங்குத்துப் பிளவுகளில் பாறை தலைகுப்புறக் கவிழ்வதுண்டு, அது வேறு பாடம்.) பாதைப்பக்கம் சாய்ந்த பிளவோ, சாய்த்து வைத்த பலகையின்மேல் துணிக்கட்டை அடுக்கியது போன்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 பாகை சாய்ந்த பிளவின்மேல் 100 கிலோ பாறை இருக்கிறது. அதன் எடையில் 50 கிலோ அதனைக் கீழ்நோக்கி இழுக்கிறது. 35 பாகைச் சாய்வு வரை தாங்கும் உராய்வு உண்டெனக் கொண்டால், தடுக்கும் விசை சுமார் 61 கிலோ. பாறை அசையாது. இப்பொழுது நிலம் நடுங்குகிறது. மூன்றாம் மண்டலத்திற்கு விதித்த எண் 0.16, அதன்படி எடையில் 16 பங்கு பக்கவாட்டில் வெளித்தள்ளினால், இழுப்பு 64 கிலோவாக உயர்கிறது, தடுப்பு 55 கிலோவாகக் குறைகிறது. பாறை நழுவுகிறது!

ஆனால் அவ்வுந்துதல் கண்ணிமைப் பொழுதே நிற்கும். உடனே திசை மாறும். ஆதலின் பாறை சிறிது நழுவி மீண்டும் நின்றுவிடலாம். இச்சிறு நழுவல்களைக் கூட்டிக் கணக்கிடும் முறையை 1965இல் அமெரிக்கப் பேராசிரியர் நியூமார்க் வகுத்துரைத்தார். நின்றுவிட்ட பாறையை நம்புவதற்கில்லை. ஒவ்வொரு நழுவலிலும் பிளவின் சொரசொரப்புத் தேய்கிறது, வாயும் அகல்கிறது. பின்வரும் ஐப்பசி மழை அதனுள் நிரம்பிப் பாறையைத் தூக்கித் தள்ளுகிறது. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சரிவு நேர்ந்து பலர் மாண்டபோது நிலம் நடுங்கவில்லை. பெருமழை ஒன்றே போதுமானதாயிற்று.

எனவே முதல் வேலை நீரை விலக்குவது. சரிவின் தலைப்பில் வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்புக. அடிவாரத்தைத் தோண்டி வழியை அகலமாக்குதல் கூடாது. இரும்புக் கம்பி செலுத்திப் பாறையைப் பிணைத்தல் பொறியாளர் பணி. பிளவு வளர்கிறதா என்பதை நாமே அறியலாம்: அதன் குறுக்கே சிமெண்டுப் பூச்சு ஒன்றிட்டு, நாளைக் குறித்து வைத்தல் வேண்டும். பூச்சு வெடித்திருக்கக் கண்டால், கீழே குடியிருப்போரை அன்றே அகற்றி, தாசில்தாருக்கு எழுதுக.