பழைய சந்தாதாரரும் புதிய வேகமும்

பண்டம் ஒன்றன் விலை மாறாதிருக்க, அளவு மட்டும் பெருகிற்று என்று கேட்டால் வாங்குவோர் மகிழ்தல் இயல்பு. ஆயின், வீட்டிற்குச் சென்று அதனை அளந்து பார்ப்பவர் மிகச் சிலரே. இக்காலத்தில் பெரும்பாலான இல்லங்களிற் புகுந்துள்ள அகலக்கற்றை இணைப்பு, அஃதாவது பிராட்பேண்ட், அளந்து பார்த்தற்கு அரிய அத்தகைய பண்டங்களுள் ஒன்று. ‘அதே கட்டணம், கூடுதல் வேகம்’ என்னும் அறிவிப்பைப் பலகாலும் காண்கின்றோம். அது முன்னரே இணைப்புப் பெற்றுள்ள பழைய சந்தாதாரர்க்கு உண்மையில் யாது தருகின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடிக்கு அப்பால் உள்ளது எம் ஊராகிய திருநின்றவூர். எம் அன்னையார் ஆங்கு வீட்டிலேயே தையற்பொறி வைத்துத் தொழில் செய்பவர். இணைப்பிற்குரிய கட்டணத்தைத் திங்கள்தோறும் தவணை தவறாது செலுத்தி வந்தார். ஆயினும், யான் கல்லூரிக்குரிய நூலைத் தரவிறக்க முற்பட்டால், தங்கை கேட்கும் பாடத்தின் காணொளி நின்றுவிடும். ஆதலின், ஒருவர் கற்கும்போது மற்றவர் காத்திருத்தல் எம் இல்லத்து வழக்கமாயிற்று. இந்நிலையில் அண்டை வீட்டார் அதே நிறுவனத்தாரிடம் அதே கட்டணத்திற்குப் புதிதாக இணைப்புப் பெற்றனர். ஒருநாள் இரு வீட்டுக் கட்டணச் சீட்டுகளையும் அருகருகே வைத்து நோக்கினோம். அவர்க்கு வினாடிக்கு 100 மெகாபிட், எமக்கோ 30. “நாம் கொடுத்ததும் அதே காசுதானே?” என்றார் அன்னையார். அவ்வினாவிற்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அந்நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. இவ்வழக்கம் ஒருவர்க்கே உரியதன்று.

முதற்கண், வேகம் வளர்ந்த வரலாற்றைக் காண்போம். இந்தியாவிற் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகமாவது உடையதே அகலக்கற்றை என்று வரையறுத்தது. அவ்வெல்லை 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

இவ்வளர்ச்சியிற் பழைய சந்தாதாரரும் சிலபோது பங்கு பெற்றனர். 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டு, பி.எஸ்.என்.எல். நிறுவனம் தன் குறைந்த அளவு வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்திற்று. பழையோர், புதியோர் என்னும் வேறுபாடின்றி, கூடுதற் கட்டணமும் இன்றி அஃது அளிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ ஃபைபர் நிறுவனம் 399 ரூபாய்க்கு 30 மெகாபிட், 699 ரூபாய்க்கு 100 மெகாபிட் என்னும் புதிய திட்டங்களை வெளியிட்டபோது, முன்னிருந்த சந்தாதாரரையும் அவற்றிற்கேற்ப மாற்றுவதாக அறிவித்தது. பழையோர் கேளாமலே பெறுதலும் உண்டு என்பது இவற்றால் அறியப்படும். ஆயின், எல்லா நிறுவனமும் எக்காலத்தும் அங்ஙனம் செய்வதில்லை. புதியவரை ஈர்க்கப் புதுத் திட்டம் வகுத்துப் பழையவரைப் பழைய திட்டத்திலேயே விட்டுவிடுதலும் உண்டு. எம் இல்லத்தில் நிகழ்ந்தது இதுவே.

இனி, வேகம் என்பதன் பொருளை ஆராய்வாம். அறிவிப்பிற் காணும் மெகாபிட் வேறு. நாம் கோப்புகளை அளக்கும் மெகாபைட் வேறு. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது வினாடிக்கு பன்னிரண்டரை மெகாபைட்டே. ஒரு கிகாபைட் அளவுள்ள கோப்பு அவ்வேகத்தில் 80 வினாடியில் வந்து சேரும். 30 மெகாபிட்டாயின் நான்கரை நிமிடம் ஆகும்.

வேகத்தோடு அளவையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். முன்னாளில் திங்களுக்கு இத்துணை என்னும் அளவோடு கூடிய திட்டங்கள் பல இருந்தன. அவ்வளவைக் கடந்தால் மெகாபைட் ஒன்றிற்கு இவ்வளவு என்று தனிக்கட்டணம் வாங்கப்பட்டது. ஒரு கிகாபைட் அளவுடையார் ஒருவர், 256 கிலோபிட் வேகத்தில் அதனைத் தீர்க்க எட்டரை மணி நேரத்திற்கு மேல் ஆகும்; 2 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி ஏழு நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். வேகம் மட்டும் வளர்ந்து அளவு வளராவிடின், பரிசே செலவிற்கு வாயிலாதல் காண்க. இந்நாளில் ‘அளவற்றது’ எனப்படும் திட்டங்களுக்கும் எல்லை உண்டு. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் பி.எஸ்.என்.எல். வெளியிட்ட 449 ரூபாய்த் திட்டத்தில், 3,300 கிகாபைட் வரையில் 30 மெகாபிட். அதன்பின் 2 மெகாபிட். எளிய இல்லம் அவ்வெல்லையைத் தொடுதல் அரிதாயினும், எல்லை உண்டு என்பதை அறிந்திருத்தல் நன்று.

வேகத்தை உயர்த்த நிறுவனத்தார்க்கு ஆகும் செலவு யாது? செப்புக்கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு மிகுந்தோறும் வேகம் குறையும். ஒளியிழையிலோ அக்குறை பெரிதன்று. வீடுகளுக்கு ஒளியிழை தரும் ஜிபான் என்னும் முறையில், ஓர் இழை ஏறத்தாழ 2,488 மெகாபிட் கொண்டு வந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிந்து செல்கின்றது. ஒருவர் வேகத்தை 30இலிருந்து 100ஆக்கப் பெரும்பாலும் புது இழை வேண்டுவதில்லை. நிலையத்துக் கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் அமையும். ஆயின், 64 வீட்டாரும் ஒரே கணத்தில் முழுவதும் பயன்படுத்தின் ஒவ்வொருவர்க்கும் 39 மெகாபிட் அளவே கிட்டும். இதனாலன்றோ அறிவிப்புகளில் ‘வரை’ என்னும் சிறு சொல் எண்ணின் பின்னே நிற்கின்றது! ‘100 மெகாபிட் வரை’ என்பது மேலெல்லையைக் குறிக்கும் சொல், உறுதியைக் குறிப்பதன்று.

எம் ஊரினராகிய பூசலார் நாயனார் பொருளின்றி மனத்திலேயே கோயில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அன்பினால் எழுந்த அக்கோயிலை இறைவன் ஏற்றருளினான். ஆயின், ஏட்டளவில் நிற்கும் மெகாபிட்டைக் கொண்டு மாணவன் பாடம் கேட்டல் இயலாது.

விலையைக் குறித்தும் ஒருசொல். அகலக்கற்றையின் கட்டணத்தை வகுக்கும் உரிமை நிறுவனங்களிடமே விடப்பட்டுள்ளது. அவை தம் திட்டங்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். அறிவிப்பிற் காணும் தொகையோடு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும். 499 ரூபாய் எனக் கண்டது கொடுக்குங்கால் 588 ரூபாய் 82 காசு ஆகும்.

ஆகவே, பழைய சந்தாதாரர் செய்யத்தக்கன நான்கு. முதலாவது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் தம் கட்டணச் சீட்டையும் நிறுவனத்தின் இற்றைத் திட்டப்பட்டியலையும் ஒப்புநோக்குதல். இரண்டாவது, வேறுபாடு காணின் புதிய வேகம், அளவு, அளவிற்குப் பின்னுள்ள வேகம், வரி ஆகிய நான்கையும் வினவி, எழுத்தில் மாற்றம் கோருதல். மூன்றாவது, மாற்றிய பின் ரவுட்டரோடு கணினியைக் கம்பியால் இணைத்துக் காலையும் இரவும் வேகத்தை அளத்தல். பழைய ரவுட்டரின் துளை 100 மெகாபிட்டிற்கு மேல் விடாதாயின், 300 மெகாபிட் வாங்கியும் பயனில்லை. நான்காவது, குறை தீராவிடின் புகார் எண் பெற்று, 2012ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தவாறு அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடுதல்.

இவற்றுள் முதல் இரண்டினையே யாம் செய்தோம். மறுநாள் மாலைக்குள் எம் வேகம் 100 ஆயிற்று. வீட்டிற்கு ஒருவரும் வரவில்லை, புதிய கம்பியும் இழுக்கப்படவில்லை. அன்னையார் மகிழ்ந்தார், ஆயினும், கேளாது கழிந்த திங்கள்களை எண்ணி வருந்தவும் செய்தார். இப்பொழுது தங்கையும் யானும் ஒரே நேரத்திற் கற்கின்றோம்.

இதுகாறும் கூறியவாற்றால், கூடுதல் வேகம் பழையவர்க்குச் சிலபோது தானே வரும் என்பதும், பலபோது கேட்டாற்றான் வரும் என்பதும், வந்ததனையும் அளந்தே கொள்ளல் வேண்டும் என்பதும் விளங்கும். நம் கல்லூரி ஆண்டுதோறும் தன் பழைய மாணவரை நினைந்து அழைக்கின்றது. வணிகரும் தம் பழைய சந்தாதாரரை அங்ஙனம் நினைப்பாராயின் நன்று. நினையாவிடத்து நாமே நினைவூட்டுதல் குற்றமாகாது. நண்பர்களே, அடுத்த விடுமுறையில் இல்லம் செல்லும்போது, பெற்றோர் பெட்டியில் மடித்து வைத்துள்ள கட்டணச் சீட்டை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.