வெற்றிடப் பம்பு: தேர்வும் பராமரிப்பும்

ஒன்பதாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும், அறை வெப்பநிலையிலேயே நீர் கொதிப்பதைக் காட்டி வந்தேன். கடைசிப் பிரிவில் பத்து நிமிடம் பம்பு ஓடியும் மணிச்சாடிக்குள் இருந்த நீரில் ஒரு குமிழி கூட வரவில்லை. "மத்தவங்களுக்கு மட்டும் கொதிச்சுதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் குரலில் இருந்த சந்தேகம் என்னை உறுத்தியது.

பம்பின் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தேன். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தது.

30 டிகிரி செல்சியஸில் நீர் கொதிக்க, அழுத்தம் 760 மி.மீ. பாதரசத்திலிருந்து சுமார் 32 மி.மீ. அளவுக்குக் குறைய வேண்டும். அப்போது எழும் நீராவி பம்புக்குள் செல்கிறது. பம்பு அதை அழுத்தி வெளியேற்ற முயலும்போது, அது மீண்டும் நீராகி எண்ணெயில் கலக்கிறது. பம்பின் சூட்டில் அந்த நீர் திரும்பவும் ஆவியாவதால் அழுத்தம் இறங்குவதில்லை. பம்பைக் கெடுத்தது எனது சோதனைதான்.

எதைத் தேர்வது?

பாதி ஊதிய பலூன் விரிவதையும் மணியோசை குறைவதையும் காட்டக் கைப்பம்பே போதும். வடிகட்டுவதற்கு, குழாயில் பொருத்தும் நீர்த்தாரைப் பம்பு ஏற்றது. நீராவியால் அது கெடாது. மிகக் குறைந்த அழுத்தம் தேவையென்றால் மட்டும் எண்ணெய்ப் பம்பு வாங்கலாம். அதில் காற்றுக்கலப்பு வால்வு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சிறிதளவு வெளிக்காற்றைச் சேர்த்து, நீராவி நீராகும் முன்பே அதை வெளியேற்றுவது இந்த வால்வுதான்.

பராமரிப்பு

1. எண்ணெய் மட்டம் இரு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். வெற்றிடப் பம்புக்குரிய எண்ணெயையே ஊற்றுக.

2. எண்ணெய் வெளுத்தாலோ கறுத்தாலோ மாற்றுக. பம்பைச் சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, இளஞ்சூட்டில் வடித்தால் அழுக்கும் சேர்ந்து வெளியேறும்.

3. ஈரமான சோதனைக்குப் பின், உள்வாயை மூடி, காற்றுக்கலப்பு வால்வைத் திறந்து அரைமணி நேரம் ஓட்டுக.

4. சோதனை முடிந்ததும் சாடியைப் பம்பிலிருந்து துண்டித்து, பம்புக்குள் காற்றை விடுக. இல்லாவிட்டால் எண்ணெய் குழாய்க்குள் ஏறக்கூடும்.

பாதுகாப்பு

20 செ.மீ. விட்டமுள்ள மணிச்சாடியை அழுத்தும் காற்றின் விசை, 300 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். கீறல் விழுந்த சாடியையோ சாதாரணக் கண்ணாடிப் புட்டியையோ பயன்படுத்தாதீர்கள். ஓடும் பட்டைக்கு மூடி அவசியம்.

மறுநாள் அந்த வகுப்பில் வெளுத்த எண்ணெயைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் காற்றில்லாமல் சிறிது வெந்நீரை எடுத்து, வாயை மூடியால் அடைத்து, தண்டை இழுக்கச் சொன்னேன். சூடு சுமார் 50 டிகிரிதான். ஆனாலும் குமிழிகள் பொங்கின. கேள்வி கேட்ட மாணவியே முதலில் இழுத்துப் பார்த்தாள். இந்தச் சோதனைக்குப் பம்பே தேவைப்படவில்லை.

பம்பு வாங்கும் முன், எந்தச் சோதனைக்கு என்று எழுதிப் பாருங்கள். வாங்கிய பின், ஒவ்வொரு முறையும் எண்ணெயைப் பாருங்கள்.